நள்ளிரவில் பால் கேட்கும் குழந்தை: ஒரு பழைய கேள்வியும் அதன் பல பதில்களும்

"புள்ள ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்குது. பால் பத்தலையாட்ட இருக்குது."

கோவை உக்கடத்தில் கைக்குழந்தை உள்ள வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சொல்பவர் அத்தையாக இருக்கலாம், அமுச்சியாக (அம்மாவின் அம்மா) இருக்கலாம், பக்கத்து வீட்டு நன்னியாகவும் (பாட்டி) இருக்கலாம். பேச்சோடு ஒரு யோசனையும் வரும். படுக்கும்முன் ஒரு வேளை புட்டிப்பால் கொடு. உரை மருந்து ஊற்று. சுற்றிப் போடு. தூரியில் போட்டு ஆட்டு. கொஞ்சம் அழவிட்டுப் பழக்கு. கடைசி யோசனை மட்டும் பெரும்பாலும் கைபேசி வழியாக வந்திருக்கும்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை இரவில் பலமுறை விழிப்பது ஏன், அதற்கு என்ன செய்யலாம் என்ற கேள்விக்குத் தலைமுறை தலைமுறையாகப் பதில்கள் சேர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. அவற்றில் முதன்மையானவற்றை வரிசைப்படுத்தி, எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் வலுவிழக்கின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். களமாக உக்கடத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பெரியகுளத்துக்கும் வாலாங்குளத்துக்கும் இடைப்பட்ட நெருக்கமான குடியிருப்புகள், பேருந்து நிலையம், மீன் சந்தை, பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் இரவு முழுக்க ஓடும் லாரிகள் எல்லாம் சேர்ந்த பகுதி இது. ஒரே அறையில் மூன்று தலைமுறையும் படுக்கும் வீடுகள் இங்கே பல. தனித்தனிப் படுக்கையறை உள்ள வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஆலோசனைகள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை இத்தகைய இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எத்தனை முறை விழித்தால் அதிகம்?

பதில்களுக்குப் போகுமுன் கேள்வியையே ஒருமுறை உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. குழந்தை "இரவு முழுக்கத் தூங்குகிறது" என்று யாரைச் சொல்வது? 1957-ல் மூர், உக்கோ ஆகிய இருவர் லண்டனில் 160 குழந்தைகளைப் பற்றி எழுதிய ஆய்வு இதில் முன்னோடி. நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை விழிக்காத குழந்தையை இரவு நிலைபெற்ற குழந்தை என அவர்கள் கொண்டார்கள். அதாவது வெறும் ஐந்து மணி நேரம். அந்த அளவுகோலின்படி சுமார் 70 விழுக்காட்டுக் குழந்தைகள் மூன்றாம் மாதத்திலேயே நிலைபெற்றன. ஆனால் அவற்றில் ஏறக்குறைய பாதி, முதல் ஆண்டின் பிற்பகுதியில் மறுபடி விழிக்கத் தொடங்கின. ஏறத்தாழ 10 விழுக்காடு முதல் ஆண்டு முடியும்வரை நிலைபெறவே இல்லை.

அறுபது ஆண்டு கழித்து, 2018-ல் கனடாவில் பென்னஸ்ட்ரி குழுவினர் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைத்தான் காட்டுகிறது. ஆறு மாதக் குழந்தைகளில் 38 விழுக்காடு தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கவில்லை. ஒரு வயதிலும் 28 விழுக்காடு அப்படியே. விழிக்கும் குழந்தைகளின் வளர்ச்சி மற்றவற்றைவிடப் பின்தங்கியதாகவும் தெரியவில்லை.

இவை மேலைநாட்டு எண்கள். அப்படியே உக்கடத்துக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் ஆறாம் மாதத்தில் இரவில் இரண்டு மூன்று முறை விழிக்கும் குழந்தையை நோயாளியாகப் பார்க்கத் தேவையில்லை என்ற அளவுக்கு இவற்றை நம்பலாம்.

முதல் பதில்: பால் பத்தவில்லை

மிகப் பரவலான பதிலும் விளைவில் மிகக் கனமான பதிலும் இதுதான். தாய்ப்பால் "தண்ணியாக" இருக்கிறது, வயிறு நிறையவில்லை, அதனால் விழிக்கிறது என்பது வாதம். இதில் ஒரு பாதி உண்மை. தாய்ப்பால் புட்டிப்பாலைவிட விரைவாகச் செரித்துவிடுகிறது. பிறந்த முதல் வாரங்களில் ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிப்பது இயல்பு. அதில் சில முறை இரவில்தான் அமையும். ஆனால் விரைவாகச் செரிப்பதும் பால் போதாமல் இருப்பதும் வேறு வேறு. எடை ஒழுங்காக ஏறி, நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போகும் குழந்தைக்குப் பால் பத்தவில்லை என்று சொல்ல ஆதாரம் இல்லை.

அடுத்த படி, புட்டிப்பாலோ கூழோ கொடுத்தால் தூங்கும் என்பது. பிரிட்டனில் 2015-ல் பிரவுன், ஹாரிஸ் ஆகியோர் 6 முதல் 12 மாதக் குழந்தைகளின் தாய்மார் 715 பேரிடம் கேட்டபோது, ஏறத்தாழ 79 விழுக்காட்டுக் குழந்தைகள் இரவில் ஒரு முறையாவது விழித்தன. தாய்ப்பால் குடித்தவை, புட்டிப்பால் குடித்தவை என்ற வேறுபாடு அதில் தெரியவில்லை. பகலில் கூடுதலாக உண்ட குழந்தைகள் இரவில் பால் கேட்பது குறைந்தது, விழிப்பது குறையவில்லை. 2007-ல் அமெரிக்காவில் டோன் குழுவினர் செய்த ஆய்வில், மூன்றாம் மாதத்தில் இரவுத் தாய்ப்பால் கொடுத்த பெற்றோர் 40 முதல் 45 நிமிடம் கூடுதலாகவே தூங்கியிருந்தார்கள். எழுந்து வெந்நீர் வைத்து, புட்டி கழுவி, பால் கலக்க வேண்டிய வேலை அவர்களுக்கு இல்லை என்பது ஒரு விளக்கமாக இருக்கலாம்.

கூழின் கதையும் இதுவே. கொங்குப் பகுதியில் கேழ்வரகை ஊறவைத்து அரைத்து வடிகட்டிக் காய்ச்சும் ராகிப் பாலும், பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த நேந்திரங்காய்ப் பொடிக் கஞ்சியும் நான்காம் மாதத்திலேயே தொடங்கப்படுவதுண்டு. 1989-ல் மேக்னின் குழுவினர் படுக்கும்முன் தானியக் கூழ் கொடுத்துப் பார்த்ததில் தூக்கத்தில் வேறுபாடு எதுவும் இல்லை. இதற்கு மாறான சான்றும் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 2018-ல் வெளியான பிரிட்டனின் ஆய்வொன்றில், 1,303 குழந்தைகளில் ஒரு பாதிக்கு மூன்றாம் மாதத்திலிருந்தே திட உணவு தொடங்கப்பட்டது. அவை ஆறாம் மாத வாக்கில் இரவில் சுமார் 17 நிமிடம் கூடுதலாகத் தூங்கின. விழிப்பு சராசரியாக 2.01 முறையிலிருந்து 1.74 முறையாகக் குறைந்தது. பயன் இருக்கிறது, ஆனால் அது கால் மணி நேரம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் 2001-ஆம் ஆண்டுப் பரிந்துரையை, குடிநீரும் பாத்திரமும் எப்போதும் சுத்தமாக இருக்கும் என்று சொல்ல முடியாத வீடுகளில், இந்தக் கால் மணி நேரத்துக்காக விடுவது ஈடாகுமா என்பது ஐயமே.

இந்தப் பதிலின் பெரிய பலவீனம் அதன் பின்விளைவு. புட்டி நுழைந்தால் குழந்தை மார்பில் சப்புவது குறைகிறது. சப்புவது குறைந்தால் சுரப்பும் குறைகிறது. பத்தவில்லை என்ற சந்தேகம் தன்னைத் தானே உண்மையாக்கிக்கொள்கிறது. தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவை 55 விழுக்காடு என்கிறது ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு (2019–21). நாட்டின் சராசரி சுமார் 64. மருத்துவமனைப் பிரசவத்தில் முன்னணியில் நிற்கும் மாநிலம் இதில் பின்தங்குவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். பிரசவங்களில் சுமார் 45 விழுக்காடு அறுவைச் சிகிச்சை என்பது ஒன்று. இரவு அழுகைக்கு அஞ்சிக் கொடுக்கப்படும் முதல் புட்டியும் ஒரு காரணமாக இருக்கலாம். பால்மாவு விளம்பரங்களை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. குடும்பத்துக்குள் வாய்வழியாகப் பரவும் விளம்பரத்தை எந்தச் சட்டமும் தொட முடியாது.

இரண்டாம் பதில்: வயிறும் கண்ணேறும்

குழந்தை வைத்தியத்துக்கென்றே பாலவாகடம் என்ற தனிப் பிரிவை வளர்த்தது சித்த மருத்துவம். அந்த மரபின் பார்வையில் இரவு அழுகைக்கு வேர் வயிற்றில் இருக்கிறது: மாந்தம், வாயு, செரியாமை, தாயின் உணவால் கெட்ட பால். ஆகவே தாய்க்குப் பத்தியம். குழந்தைக்கு உரை மருந்து. சுட்ட வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு இவற்றை அவித்து உலர்த்தி டப்பாவில் வைத்திருப்பார்கள். குழந்தையைக் குளிப்பாட்டியதும் சந்தனக் கல்லில் தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டு, ஒவ்வொன்றையும் இத்தனை சுற்று என்று எண்ணி உரசி, வழித்து நாக்கில் தடவுவார்கள். எத்தனை சுற்று என்பதில்தான் பாட்டியின் கைப்பக்குவம் இருக்கிறது.

இதன் சிக்கலும் அங்கேதான். அளவு சுற்றுக் கணக்கில் இருக்கிறது. சரக்கின் வீரியம் கடைக்குக் கடை மாறுகிறது. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருளின் நச்சுத்தன்மை பற்றிய கவலையால் அமெரிக்கா 1968-லேயே வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. ஜாதிக்காய் அளவு மீறினால் மயக்கம் தரும். தூங்குவதற்காகக் கசகசா கொடுப்பது இன்னும் ஆபத்தானது; அதில் ஒட்டியிருக்கும் அபினிப் பொருள் கைக்குழந்தையின் மூச்சையே மந்தமாக்கக்கூடும். மூக்கில் எண்ணெய் விடும் பழக்கத்தால் நுரையீரல் அழற்சி வந்த குழந்தைகளைப் பற்றித் தென்னிந்திய மருத்துவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார்கள்.

பாட்டி வைத்தியத்தை மட்டும் குற்றம் சொல்வதும் சரியாகாது. தமிழ் வீடுகளில் தலைமுறைகளாகப் புழங்கும் கிரைப் வாட்டர் 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்டு என்பவர் உருவாக்கியது. பழைய கலவையில் மதுசாரம் இருந்தது. பிறகு அது நீக்கப்பட்டது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளர் வீடுகளில் குழந்தையைத் தூங்க வைக்க அபினிக் கரைசலே புழங்கியது. பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களிலும் அபினி உருண்டை கொடுக்கும் வழக்கம் இருந்தது. வேலைக்குப் போக வேண்டிய தாய், விழிக்கும் குழந்தை, கையில் ஒரு மயக்க மருந்து: இந்தக் கூட்டு எந்த நாட்டுக்கும் தனி உரிமை அல்ல.

கண்ணேறு கழிப்பதைப் பொறுத்தவரை, தூக்கத்துக்கு அதனால் பயன் உண்டு என்பதற்குச் சான்று இல்லை. மிளகாய்ப் புகையைக் குழந்தையிடமிருந்து தள்ளி வைத்தால் தீங்கும் பெரிதாக இல்லை. சமூக நோக்கில் அதற்கு ஒரு நற்குணமும் உண்டு. பால் பத்தவில்லை என்ற பதில் பழியைத் தாயின் மார்பில் போடுகிறது; கெட்ட பால் என்ற பதில் அவள் தட்டில் போடுகிறது. கண்ணேறு பழியை வீட்டுக்கு வெளியே அனுப்பிவிடுகிறது.

மூன்றாம் பதில்: ஆட்டுவதும் பாடுவதும்

பிள்ளைத்தமிழின் மூன்றாம் பருவமே தால் பருவம். குழந்தையைத் தாலாட்டித் தூங்க வைப்பது தமிழில் இலக்கிய வடிவமாகவே நிலைபெற்றுவிட்டது. கொங்கில் தூரி என்றும் பிற இடங்களில் தூளி என்றும் சொல்லும் சேலைத் தொட்டிலின் கட்டுமானம் எளிது. விட்டத்திலோ கொக்கியிலோ பழைய நூல் சேலையை இரட்டையாகக் கட்டி, துணி குழந்தையின் முகத்தில் மூடாமல் இருக்க நடுவில் ஒரு தொட்டில் கம்பைச் செருகுவார்கள். தரையில் படுத்திருக்கும் தாய் ஒரு கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டு பாதித் தூக்கத்திலேயே ஆட்டலாம். இடமில்லாத வீட்டில் தரையை அடைக்காத படுக்கை இது.

அறிவியல் இதற்கு ஓரளவு ஆதரவாகவே இருக்கிறது. தூக்கிக்கொண்டு நடக்கும்போது குழந்தையின் அழுகையும் இதயத் துடிப்பும் தணிவதை 2013-ல் ஜப்பானில் குரோடா குழுவினர் காட்டினார்கள். 2022-ல் அவர்களே வெளியிட்ட சிறிய ஆய்வு, அழும் குழந்தையை ஐந்து நிமிடம் தூக்கி நடந்து, தூங்கிய பிறகு ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்திருந்து கிடத்தினால் விழிப்பது குறைகிறது என்றது. ஆய்வில் இருந்தவை 21 குழந்தைகள் மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குறைகள் இரண்டு. ஆட்டினால்தான் தூங்கும் குழந்தை, விழிக்கும் ஒவ்வொரு முறையும் ஆட்டம் கேட்கும். இரண்டாவது பாதுகாப்பு. இன்றைய மருத்துவப் பரிந்துரைகள் கெட்டியான, சமமான பரப்பில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்கின்றன. பத்துப் பாகைக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளின் விற்பனையை அமெரிக்கா 2022-ல் சட்டமியற்றியே தடுத்தது. வளைந்த துணிக்குள் தாடை மார்பில் அழுந்தினால் சின்னஞ்சிறு குழந்தையின் மூச்சு தடைபடலாம் என்பதே அச்சம். குறைமாதக் குழந்தைக்கு இது கூடுதலாகப் பொருந்தும். நடை பழகிய பிள்ளைகள் தூரியில் விளையாடிக் கழுத்து இறுகி இறந்த செய்திகளும் தமிழ்நாட்டில் அவ்வப்போது வருகின்றன.

நான்காம் பதில்: கடிகாரம்

குழந்தை விழிப்பது பழக்கக் கோளாறு, பழக்கத்தை மாற்றலாம் என்ற எண்ணம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவானது. 1894-ல் அமெரிக்க மருத்துவர் எம்மெட் ஹோல்ட் எழுதிய கையேடு நேரம் பார்த்துப் பாலூட்டச் சொன்னது. நியூசிலாந்தில் 1907-ல் பிளங்கெட் சங்கத்தைத் தொடங்கிய ட்ரூபி கிங், நான்கு மணிக்கொரு முறை பால், இரவில் பால் இல்லை என்ற ஒழுங்கைப் பிரிட்டிஷ் பேரரசு முழுவதும் பரப்பினார். 1928-ல் உளவியலாளர் வாட்சன், கொஞ்சுவதைக் குறைக்கச் சொன்னார். 1946-ல் பெஞ்சமின் ஸ்பாக்கின் நூல் இந்த இறுக்கத்தைத் தளர்த்தியது. 1985-ல் ரிச்சர்டு ஃபெர்பர், சிறுகச் சிறுக இடைவெளி கூட்டி அழவிடும் முறையை வகுத்தார். இன்று கோவைத் தாயின் கைபேசிக்கு வரும் "தூக்கப் பயிற்சி" பெரும்பாலும் இதன் வழிவந்ததே.

இம்முறைக்குச் சான்று இல்லாமல் இல்லை. மெல்போர்னில் ஏழெட்டு மாதக் குழந்தைகளின் தாய்மாருக்குப் பயிற்சி தந்தபோது தூக்கச் சிக்கல் குறைந்தது. தாய்மாரின் மனச்சோர்வும் குறைந்தது. அக்குழந்தைகளை ஆறு வயதில் மறுபடி பார்த்த 2012-ஆம் ஆண்டு அறிக்கை, நீடித்த தீங்கும் இல்லை, நீடித்த நன்மையும் இல்லை என்றது. அதே ஆண்டு மிடில்மிஸ் குழுவினர், அழுகை நின்ற பிறகும் குழந்தைகளின் உடலில் பதற்ற ஹார்மோன் குறையவில்லை என்றார்கள். ஆனால் அதில் 25 குழந்தைகளே இருந்தன. ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. 2016-ல் கிராடிசார் குழுவினர் அப்படித் தீங்கு எதுவும் காணவில்லை. அதுவும் 43 குழந்தைகளைக் கொண்ட சிறிய ஆய்வே. ஆறு மாதத்துக்கு முன் இப்படிப் பயிற்சி தருவதால் பயன் இல்லை என்பது 2013-ல் டக்ளஸ், ஹில் ஆகியோரின் தொகுப்பாய்வு எட்டிய முடிவு.

இந்த வாதங்கள் முடிவடையாத நிலையில், உக்கடத்து வீட்டில் நடைமுறைக் கேள்வி ஒன்று முன்னால் வந்து நிற்கிறது. எங்கே அழவிடுவது? நடுச்சுவர் பொதுவாக இருக்கும் வீட்டில் குழந்தை பத்து நிமிடம் அழுதால் இரண்டு பக்கத்து வீடும் விழித்துக்கொள்ளும். விடியுமுன் மீன் சந்தைக்குப் போக வேண்டிய மாமனாரும் எழுவார். "ஏனம்மிணி, புள்ளையை அழவிட்டுட்டு என்ன பண்றே?" என்று கேட்க ஆள் இருக்கும் வீட்டில் இந்தப் பயிற்சி பாதியில் நின்றுவிடும். பாதியில் நின்ற பயிற்சி, தொடங்காததைவிட மோசம் என்பதைப் பயிற்சி முறையை வகுத்தவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

ஐந்தாம் பதில்: இயல்பே அதுதான்

கடந்த அரை நூற்றாண்டில் வலுப்பெற்ற பதில் இது. கைக்குழந்தையின் ஒரு தூக்கச் சுற்று சுமார் 50 முதல் 60 நிமிடம், பெரியவர்களுக்கு 90. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே லேசாக விழிப்பது எல்லோருக்கும் உண்டு. பகல், இரவு என்ற உடல் கடிகாரமும் இரண்டு மூன்று மாதமாகித்தான் உருவாகத் தொடங்குகிறது. பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் தாயின் உடலில் இரவில்தான் உயர்கிறது. உறக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் இரவுப் பாலில் இருக்கிறது. பகல் பாலில் அது ஏறக்குறைய இல்லை எனும் அளவுக்குக் குறைவு. இரவில் ஊட்டுவதே சுரப்பைத் தக்கவைக்கிறது என்பதற்கு உடலியல் அடிப்படை இருக்கிறது.

இரவுப் பாலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிரசவமாகி ஆறு மாதத்துக்குள், மாதவிலக்கு திரும்பாமல், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, பகலில் நான்கு மணி நேர இடைவெளியும் இரவில் ஆறு மணி நேர இடைவெளியும் தாண்டாமல் ஊட்டினால், மறு கருத்தரிப்பு 98 விழுக்காடு தடுக்கப்படுகிறது என்று 1988-ல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய வல்லுநர்கள் உறுதி செய்தார்கள். பால் குடி மறக்கும்வரை அடுத்த பிள்ளை தங்காது என்ற ஊர்ப்பேச்சுக்குப் பின்னால் இருந்தது, பெருமளவு, இரவில் விழித்த குழந்தைதான்.

இந்தப் பதிலின் பலவீனம் அதன் அமைதியான தொனி. "இயல்புதான்" என்று கேட்டுவிட்டு வீடு திரும்பும் தாய்க்கு அன்றிரவும் தூக்கம் இல்லை. எல்லா விழிப்பும் இயல்பு என்று சொல்லிவிடவும் முடியாது. காய்ச்சல், மூக்கடைப்பு, காதுவலி, எடை ஏறாமை, பால் குடிக்கும்போது திணறல், குறட்டை, இடைவிடாத வீறல் ஆகியவை மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. ஆறு மாதத்துக்குப் பின் இரும்புச்சத்துக் குறைவும் தூக்கத்தைக் கலைக்கக்கூடும். தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 57 விழுக்காட்டுக்கு ரத்தசோகை என்ற கணக்கெடுப்பு எண்ணை இந்த இடத்தில் நினைவில் கொள்ள வேண்டும். ஆறாம் மாதத்திலிருந்து வாரம் இருமுறை தரச்சொல்லி அரசு வழங்கும் இரும்புச்சத்துச் சிரப்பு பல வீடுகளில் பிரிக்கப்படாமலே கிடக்கிறது.

ஒரே பாயில் படுப்பது

இரவில் ஊட்டுவதுதான் வழி என்றால் குழந்தை எங்கே படுக்க வேண்டும்? மருத்துவ அமைப்புகளே இங்கே ஒருமித்துப் பேசுவதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022-ல், ஒரே அறை சரி, ஒரே படுக்கை கூடாது என்றது. தாய்ப்பால் மருத்துவ அகாடமியோ 2020-ல், ஆபத்துக் காரணிகள் இல்லாத தாய் பாலூட்டியபடியே குழந்தையுடன் படுப்பதை ஏற்றது. மானிடவியலாளர் ஜேம்ஸ் மெக்கென்னா, பாலூட்டலும் உடன்படுத்தலும் பிரிக்க முடியாத ஒரே நடத்தை என்று நெடுங்காலமாக வாதிடுகிறார்.

உலகின் பெரும்பகுதி இந்த விவாதத்துக்காகக் காத்திருக்கவில்லை. 2010-ல் 17 நாடுகளில் 29,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றி மிண்டெல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பெற்றோருடன் ஒரே படுக்கையில் படுத்தவை நியூசிலாந்தில் 6 விழுக்காடு, வியட்நாமில் 83. கோவைத் தாய்மாரில் பெரும்பாலோர் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. தரையில் விரித்த கோரைப்பாய் மெத்தையைவிடக் கெட்டியானது. விழும் அபாயமும் இல்லை. ஆனால் மது அருந்தியவரோ புகைப்பவரோ பக்கத்தில் படுப்பது, குழந்தையின் அருகே தலையணையும் கனமான போர்வையும் குவிவது, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் சந்து இருப்பது ஆகியவை எங்கும் ஆபத்தே. இந்தியாவில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 18 விழுக்காடு எடை குறைந்தவை. இவற்றுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

படுத்தபடி பால் கொடுத்தால் காதில் சீழ் வரும் என்ற அச்சமும் வீடுகளில் பலமாக இருக்கிறது. மல்லாக்கக் கிடத்திப் புட்டிப்பால் கொடுப்பதற்கு அது பொருந்தலாம். பொதுவாகப் பார்த்தால், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குக் காதுத் தொற்று குறைவே. ஒருக்களித்துப் படுத்து ஊட்டுவது தாயின் முதுகுக்கு மிகப்பெரிய ஓய்வு. சிசேரியன் தையல் உள்ளவருக்கு இன்னும்.

கேட்கப்படாத கேள்வி: தாய் எப்போது தூங்குவது?

மேலே கண்ட பதில்களில் பெரும்பாலானவை குழந்தையைத் திருத்தப் பார்க்கின்றன. தாயின் தூக்கத்தைத் தனிப் பொருளாக எடுத்தவை குறைவு. வேலூர் அருகே கிராமப்புறப் பெண்களிடம் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், சுமார் 11 விழுக்காட்டினருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. தூக்கமின்மையும் மனச்சோர்வும் ஒன்றையொன்று வளர்ப்பவை. எது முதலில் என்று பிரிப்பது கடினம்.

கொங்கு வழக்கத்தில் முதல் பிரசவம் தாய் வீட்டில். அம்மாவும் அமுச்சியும் மாற்றி மாற்றிப் பிள்ளையை வாங்கிக்கொள்வார்கள். பூண்டும் கருப்பட்டியும் பால்சுறாவும் நேரத்துக்கு வரும். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ சீரோடு புகுந்த வீட்டுக்கு அனுப்புவார்கள். குழந்தையின் தூக்க அமைப்பு மாறி விழிப்பு கூடக்கூடிய பருவமும் ஏறத்தாழ அதுவே. கைமாற்ற ஆள் குறைந்து, வீட்டு வேலை கூடும் நேரத்தில் இரவும் கனத்துப்போகிறது. தனிக்குடித்தனத்தில் முதல் நாளிலிருந்தே இதே நிலைதான்.

சட்டத்தின் கை எவ்வளவு நீள்கிறது? பேறுகாலப் பயன்கள் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பணியிடத்தில் இரண்டு பாலூட்டல் இடைவேளை உண்டு. முறைசாரா வேலை செய்யும் பெண்ணுக்கு இவை பெரும்பாலும் ஏட்டளவில் நிற்பவை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவிதான் அவர் கைக்கு வருவது. பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் செல்லாததாக்கியது. சம உரிமை நோக்கில் அது நியாயமான தீர்ப்பே. ஆனால் நூற்பாலைகள் நிறைந்த கோவை, திருப்பூர் வட்டாரத்தில் பாலூட்டும் தாய் இரவு ஷிப்டுக்குப் போவதற்கும் அதனால் வழி திறந்தது. தாய் பகல் வேலைக்குப் போனாலும், பகலெல்லாம் அவளைப் பிரிந்த குழந்தை இரவில் சேர்த்துக் குடிப்பது இயல்பு. தந்தைக்கு மத்திய அரசு வேலையில் 15 நாள் விடுப்பு. தனியார் துறையில் சட்டப்படி ஒரு நாளும் இல்லை.

மதிப்பீடு

சான்றுகளைக் கூட்டிப் பார்த்தால் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். முதல் ஆண்டில் இரவு விழிப்பு பெரும்பாலும் வளர்ச்சியின் பகுதி. எடை ஏறும் குழந்தைக்கு அது பால் குறைவின் அடையாளம் அன்று. புட்டிப்பாலும் கூழும் தரும் கூடுதல் தூக்கம் ஒன்றுமில்லை, அல்லது நிமிடக் கணக்கில்தான். ஆறு மாதத்துக்கு முன் அழவிட்டுப் பழக்குவதற்கு ஆதாரம் வலுவாக இல்லை; அதன் பிறகு அது சில குடும்பங்களுக்கு உதவலாம், கட்டாயம் எதுவும் இல்லை. மயக்கம் தரும் எந்தச் சரக்கும், நாட்டு மருந்தானாலும் சிரப்பானாலும், கைக்குழந்தைக்கு ஆகாது. ஒரு வயதுக்கு மேல் பல் முளைத்த பிள்ளை இரவெல்லாம் குடித்தால் சொத்தைப் பல்லுக்கு வாய்ப்பு கூடுகிறது. அப்போது மெதுவாகக் குறைப்பதில் பொருள் உண்டு.

தீராதவையும் சில. தரைப்பாயில் உடன்படுப்பதன் ஆபத்தைக் கணக்கிட, இந்தியாவில் தூக்கத்தில் நேரும் சிசு மரணங்கள் பற்றிய முறையான பதிவு வேண்டும். தூரியின் வளைவு எந்த மாதம்வரை ஆபத்து, எந்த மாதத்திலிருந்து பாதுகாப்பு என்பதை அளந்து பார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவைச் சரிசெய்தால் நம் குழந்தைகளின் இரவுத் தூக்கம் எவ்வளவு மாறுகிறது என்பதும் ஆய்வுக்கு உரியது. இவற்றை லண்டனோ மெல்போர்னோ நமக்காகக் கண்டறிந்து தராது. கோவையின் மருத்துவக் கல்லூரிகளுக்கு எட்டும் தூரத்திலேயே இதற்கான வீடுகள் இருக்கின்றன.

அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடியது எளிது. இரவில் விளக்கைக் கூட்டாமல், பேச்சை வளர்க்காமல், படுத்தபடி ஊட்டலாம். பகலில் நிறையக் குடிக்க வைக்கலாம். கொசுவலை கட்டலாம். பால் குடித்து முடித்த குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது, ஆட்டுவது ஆகியவற்றுக்கு மார்பு தேவையில்லை. அந்த வேலைகளை அப்பா செய்யலாம். விடியற்காலையில் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "நீ ரெண்டு மணி நேரம் படு கண்ணு" என்று சொல்ல வீட்டில் ஒருவர் இருந்தால், குழந்தை இரவில் எத்தனை முறை எழுந்தது என்ற கணக்கு அந்தத் தாய்க்கு அவ்வளவு பெரிதாகத் தெரியாது. குழந்தையின் தூக்கத்தை நீட்டும் வழிகளைவிட, இரவு வேலையைப் பங்கிட்டுத் தாயின் தூக்கத்தைக் காக்கும் வழிகளுக்கே நியாயம் கூடுதலாக இருக்கிறது. வீட்டில் உள்ளவர்களும் வேலை கொடுப்பவர்களும் தொடங்க வேண்டிய இடம் அது.